உருளைக்கிழங்கு எடுத்த பாத்தியில அடுத்து என்ன போடலாம்?

உருளைக்கிழங்கு தோண்டி எடுத்தாச்சு, பாத்தி காலியா கிடக்கு, அடுத்து என்ன போடலாம்னு கேட்டா ஆளுக்கொரு பதில் வரும். ஒருத்தர் பீன்ஸ் போடுங்க மண்ணு தானா சரியாயிடும்பார், இன்னொருத்தர் கேரட் மட்டும் போட்டுடாதீங்க அதுவும் மண்ணுக்குள்ள விளையறதுதானேம்பார், மூணாவது ஆள் நான் வருஷா வருஷம் தக்காளிதான் போடறேன் ஒண்ணும் ஆகலையேம்பார். மூணு பேரும் பொய் சொல்லல, ஆனா மூணு பதில்லயும் காரணம் விட்டுப்போச்சு. காரணம் தெரியாம லிஸ்ட்டை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கிட்டா வேற ஊர்ல, வேற மண்ணுல அதே லிஸ்ட் காலை வாரி விட்டுடும்.

அதனால காரணத்துல இருந்து ஆரம்பிக்கலாம். உதாரணத்துக்கு நீலகிரியை எடுத்துக்கறேன், ஏன்னா நம்ம பக்கம் உருளைன்னாலே ஊட்டிதான், அங்க ஒரே நிலத்துல வருஷத்துக்கு மூணு போகம் வரைக்கும் உருளை நடுவாங்க. ஏப்ரல் மே மாசம் நடுறது கார்போகம், ஆகஸ்ட் செப்டம்பர்ல நடுறது கடைபோகம், தண்ணி வசதி உள்ளவங்க ஜனவரி பிப்ரவரில நடுறது நீர்போகம். ஒரே மண்ணுல ஒரே பயிரை திருப்பித் திருப்பி வச்சா என்ன ஆகும்னு அந்த மலையே நமக்குக் காட்டியிருக்கு. மாடியில பையில வளக்கிறவங்களுக்கு கடைசியில தனியா எழுதியிருக்கேன்.

கிழங்குக்கு அப்புறம் கிழங்கு கூடாதா?

முதல்ல இந்தக் குழப்பத்தைத் தீர்த்துடலாம். மண்ணுக்குள்ள விளையுது, மண்ணுக்கு மேல காய்க்குதுன்னு பிரிக்கறது நாம சாப்பிடற பாகத்தை வச்சுப் பிரிக்கறது. மண்ணுல இருக்கற புழுவுக்கும் கிருமிக்கும் நாம எதைச் சாப்பிடறோங்கறது தெரியாது, அதுக்கு வேண்டியது செடியோட ஜாதகம், அதாவது அந்தச் செடி எந்தக் குடும்பம்ங்கறது. தாவரக் குடும்பம்னா பூ, காய், உள்ளே ஓடுற ரசாயனம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற சொந்தக்காரச் செடிகளோட கூட்டம்.

உருளையோட குடும்பத்துக்கு கத்தரிக் குடும்பம்னு பேரு. கத்தரி, தக்காளி, மிளகாய், குடைமிளகாய், புகையிலை, மலையில வேலியோரமா வளக்கற மரத்தக்காளி, தானா முளைக்கிற மணத்தக்காளி, ஊமத்தை எல்லாம் இதுல அடக்கம். நம்பிக்கை வரலைன்னா ஒரு உருளைப் பூவையும் ஒரு கத்தரிப் பூவையும் ஒரு மணத்தக்காளிப் பூவையும் பறிச்சு உள்ளங்கையில வச்சுப் பாருங்க. அளவும் நிறமும்தான் வேற, அஞ்சு முனை நட்சத்திரம் மாதிரி இதழ், நடுவுல கூம்பா நீட்டிக்கிட்டு நிக்கிற மஞ்சள், மூணுலயும் அதே அமைப்பு. உருளைச்செடி சில சமயம் காய் கூட வைக்கும், பாத்தா பச்சைத் தக்காளியேதான் (அதைச் சாப்பிட்டுடாதீங்க, நஞ்சு).

இப்ப கேரட்டைப் பாருங்க, அது கொத்தமல்லி, சீரகம் இருக்கற குடும்பம். பீட்ரூட் பாலக் கீரையோட சொந்தம். முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல் எல்லாம் கடுகுக் குடும்பம். பூண்டு வெங்காயத்தோட ஆளு. பேர்ல கிழங்கு இருக்கேன்னு பயப்படற சர்க்கரைவள்ளி கூட உருளையோட குடும்பம் இல்ல.

ஆக உருளை எடுத்த இடத்துல கேரட் போடலாம், தக்காளி போடக்கூடாது. நிறைய பேர் இதைத் தலைகீழாதான் நினைச்சுட்டிருக்காங்க.

பாத்தியில யாரு காத்துட்டிருக்காங்க?

ஒரு வாடகை வீட்டை நினைச்சுக்கங்க. குடியிருந்தவர் ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு காலி பண்ணிட்டுப் போயிட்டார். கடன்காரன் தினமும் வாசல்ல வந்து எட்டிப் பாக்கறான். அடுத்து குடி வர்றது அவரோட சொந்தத் தம்பின்னா கடன்காரன் அங்கேயே பாயைப் போட்டு உக்காந்துடுவான், சம்பந்தமே இல்லாத குடும்பம் வந்துச்சுன்னா கொஞ்ச நாள் வந்து பாத்துட்டு வர்றதைக் குறைச்சுக்குவான், அடுத்தடுத்து வர்றவங்களும் சம்பந்தம் இல்லாதவங்களாவே இருந்தா ஒரு கட்டத்துல அந்தத் தெருவையே மறந்துடுவான். பயிர்ச்சுழற்சின்னு சொல்றது இதைத்தான், அதாவது ஒரே பாத்தியில ஒவ்வொரு தடவையும் வேற வேற குடும்பத்துப் பயிரை மாத்தி மாத்தி வைக்கறது.

மண்ணுல இருக்கற கடன்காரன் யாருன்னு தெரிஞ்சாதான் எத்தனை நாள் காத்திருப்பான்னு சொல்ல முடியும். உருளை விஷயத்துல ரொம்பப் பொறுமைசாலி ஒருத்தன் இருக்கான், முட்டைக்கூடு நூற்புழு. நூற்புழுன்னா மண்ணுல வாழற, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிய புழு. இந்த வகை தென் அமெரிக்காவோட ஆண்டிஸ் மலையில, உருளை பிறந்த அதே இடத்துல உருளையோடயே வளந்தது. 1961-ல எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ்ங்கற நூற்புழு நிபுணர் ஊட்டிப் பக்கம் இதைக் கண்டுபிடிச்சார், இந்தியாவுல அதுதான் முதல் தடவை. அதுக்கப்புறம் நீலகிரி விதை உருளையை வெளியே கொண்டு போகக் கூடாதுன்னு தடையே போட்டாங்க. அப்படியும் 2018-ல இமாச்சல், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் பக்கமும் இது இருக்கறது தெரியவந்து அங்கேயும் விதைக்கிழங்குக்கு கட்டுப்பாடு வந்துச்சு.

இது வேலை செய்யற விதத்தைக் கொஞ்சம் நிதானமாப் பாக்கலாம், ஏன்னா அடுத்து என்ன பயிருங்கற கேள்விக்கு பாதி பதில் இதுக்குள்ளதான் இருக்கு. பெண் புழு உருளை வேர்ல வாயை வச்சு ஒட்டிக்கிட்டு சாறை உறிஞ்சி உறிஞ்சி உருண்டையா வீங்கும், அதோட உடம்புக்குள்ளேயே 200-லேருந்து 500 முட்டை வரைக்கும் சேரும். அப்புறம் அது செத்துப்போகும், ஆனா தோல் மட்டும் அழுகாம இறுகிப்போய் கெட்டியான கூடாயிடும். செடி காய்ஞ்சதும் இந்தக் கூடு வேரை விட்டு உதிர்ந்து மண்ணோட மண்ணாக் கிடக்கும். குளிரு, வெயிலு, வறட்சி எல்லாத்தையும் தாங்கி 20 வருஷத்துக்கு மேல கூட உள்ளே முட்டை உயிரோட இருக்கும்.

முட்டை எப்ப பொரியணும்னு அதுக்கு எப்படித் தெரியும்? எல்லாச் செடியோட வேரும் சில ரசாயனங்களைக் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுல கசிய விடும், அதுக்கு வேர்க்கசிவுன்னு பேரு. உருளை, தக்காளி, கத்தரி மாதிரிச் செடிகளோட கசிவு அந்தக் கூட்டு மேல படும்போதுதான் முட்டைக்கு சாப்பாடு வந்துடுச்சுன்னு தகவல் போகும், கூட்டம் கூட்டமா குட்டிப்புழு வெளிய வந்து வேரைத் துளைக்கும். கேரட்டோ பூண்டோ முட்டைக்கோஸோ இருந்தா அந்தத் தகவலே போகாது. கொஞ்சம் முட்டை தானா பொரிஞ்சு சாப்பாடு கிடைக்காம சாகும், கொஞ்சம் உள்ளேயே கெடும், மிச்சம் தூங்கிட்டே இருக்கும்.

இதைக் கண்ணால பாக்கலாம். நட்டு ரெண்டு மாசம் ஆன உருளைச்செடி, பக்கத்துச் செடியை விட குட்டையா வெளிறிப்போய், மத்தியானத்துல தொங்கிட்டு நிக்குதுன்னா, அதை வெடுக்குனு பிடுங்காம சுத்தி மண்வெட்டி போட்டு மண்ணோட தூக்குங்க. மண்ணை மெதுவா உதிர்த்துட்டு சன்ன வேரை ஒரு கறுப்புத் தாள் மேல விரிச்சு வச்சுப் பாருங்க. குண்டூசித் தலையை விடச் சின்னதா, உருண்டையா, வெள்ளையாவோ தங்க மஞ்சளாவோ மணி மணியா ஒட்டிட்டிருந்தா அது இதுதான். இன்னும் கொஞ்ச நாள் போனா அதே மணி பழுப்பாயிடும், அப்புறம் மண்ணுல உதிர்ந்தா கண்டுபிடிக்கறது கஷ்டம், அதனால அறுவடை வரைக்கும் காத்திருக்காதீங்க.

தண்ணி டம்ளர்ல தெரியற வாடல் நோய்

ரெண்டாவது கடன்காரன் பாக்டீரியா வாடல் நோய். இதுவும் மண்ணு வழியா, தண்ணி வழியா, விதைக்கிழங்கு வழியா வரும். நேத்து வரைக்கும் நல்லா இருந்த செடி இலை மஞ்சளாகக் கூட நேரம் இல்லாம பச்சையாவே தொங்கிடும். தண்ணி ஊத்தினாலும் எழாது, ஏன்னா தண்ணி போற குழாய்க்குள்ள பாக்டீரியா அடைச்சுட்டு இருக்கு. சந்தேகமா இருந்தா தண்டுல மண்ணை ஒட்டின பாகத்தை ஒரு துண்டு வெட்டி, சுத்தமான தண்ணி இருக்கற கண்ணாடி டம்ளர்ல வெட்டுன முனை தண்ணியில படற மாதிரி தொங்க விடுங்க. சில நிமிஷத்துல வெட்டுன இடத்துல இருந்து பால் மாதிரி வெள்ளை நூல் ஒண்ணு கீழ இறங்கும். இறங்கினா வாடல் நோய்தான்.

இந்தக் கிருமி தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாத்தையும் பிடிக்கும், நம்ம ஊர்ல தக்காளி திடீர்னு வாடிச் சாகறதுக்கு பெரிய காரணம் இதுதான். உருளையில வாடல் வந்த பாத்தியில அடுத்து தக்காளி நாத்தை வச்சா அது பூ வைக்கற நேரத்துல அதே மாதிரி தொங்கும், நாத்து சரியில்லைன்னு நர்சரிக்காரரைத் திட்டுவோம், ஆனா தப்பு மண்ணுல இருக்கும். வாடல் வந்த இடத்துல பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், மக்காச்சோளம், ராகி மாதிரி பயிர்களைத்தான் அடுத்து நம்பணும்.

மூணாவதா ஒண்ணு சொல்லணும், பின்பருவ இலைக்கருகல். கார்போகத்துல தென்மேற்கு மழையும் பனிமூட்டமும் சேரும்போது தோட்டத்தையே ஒரு வாரத்துல கருக்கிடும் அந்த நோய். அதுக்கு பயிர்ச்சுழற்சி பெருசா உதவாது, ஏன்னா அது காத்துல வித்தாப் பறந்து பக்கத்துத் தோட்டத்துல இருந்து வந்துடும். மண்ணுல உயிரோட கிடக்கற கிழங்குலதான் அது தங்கும், அதை எப்படித் தடுக்கறதுன்னு கீழ சொல்றேன். பயிர் மாத்தியும் இலைக்கருகல் வந்துடுச்சே, அப்ப பயிர்ச்சுழற்சியே சும்மான்னு முடிவு கட்டறவங்களுக்காகத்தான் இதை இங்க எழுதறேன். மண்ணுல காத்திருக்கறதுக்கு மட்டும்தான் இந்த மருந்து, பறந்து வர்றதுக்கு இல்ல.

இதுவரைக்கும் சொன்னதைச் சுருக்கினா: உருளைக்கு அப்புறம் கத்தரிக் குடும்பம் வேண்டாம், வேற எந்தக் குடும்பமும் ஓகே, அது மண்ணுக்குள்ள விளைஞ்சாலும் சரி மேல காய்ச்சாலும் சரி.

ஒரு போகம் மாத்தினா போதாதா?

போதாதுங்க. இதுலதான் நிறைய பேர் ஏமாந்து போறாங்க. உருளை, அப்புறம் ஒரு கேரட், திரும்ப உருளைன்னு போட்டுட்டு நான் பயிர் மாத்திட்டுத்தான் இருக்கேன்னு சொல்றாங்க.

நூற்புழுக் கணக்கையே பாருங்க. அதுக்குப் பிடிச்ச செடி இல்லாம ஒரு வருஷம் விட்டா குளிர் ஊர்ல தோராயமா மூணுல ஒரு பங்கு முட்டை குறையும், மண்ணுச் சூட்டைப் பொறுத்து கூடக்குறைய இருக்கும். 100 முட்டை இருந்துச்சுன்னு வச்சுக்கங்க, ஒரு வருஷம் கழிச்சு 67, ரெண்டு வருஷம் கழிச்சு 44, மூணு வருஷம் கழிச்சு 30. ஒரே வருஷத்துல உருளையைத் திரும்ப வச்சா அந்த 67-ம் பல மடங்கா பெருகிடும், குறைச்சது எல்லாம் வீண். மூணு நாலு வருஷம் விட்டா சேதம் தாங்கற அளவுக்கு இறங்கும், முழுசா ஒழியாது. அதனாலதான் எந்தக் காயைப் போடறோங்கறதை விட எத்தனை வருஷம் கத்தரிக் குடும்பம் உள்ள வராம பாத்துக்கறோங்கறதுதான் முக்கியம்னு நான் சொல்வேன். மூணு வருஷம் விடுங்க, அதுவும் மூணு போகம் இல்ல, மூணு வருஷம்.

முழு நிலத்தையும் மூணு வருஷம் உருளை இல்லாம விட்டா வீட்டுக்கு வருமானம்னு கேப்பீங்க, நியாயம்தான். நிலத்தை நாலாப் பிரிச்சுக்கங்க, ஒவ்வொரு வருஷமும் ஒரு பங்குல மட்டும் உருளை, அது நாலு பங்கையும் சுத்தி வர்றதுக்கு நாலு வருஷம் ஆகும். வீட்டுக்குப் பின்னாடி நாலு பாத்தி வச்சிருக்கவங்களுக்கும் இதே கணக்குதான்.

சத்துக் கணக்கு: உருளை எதை எடுத்துட்டுப் போச்சு, எதை விட்டுட்டுப் போச்சு

கடன்காரன் கதை முடிஞ்சுது, இப்ப மண்ணுல என்ன மிச்சம்னு பாக்கணும். மலைப்பகுதி உருளைக்கு ஹெக்டேருக்கு தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ, சாம்பல்சத்து 120 கிலோன்னு பரிந்துரை இருக்கு. தழைச்சத்துன்னா இலை வளக்கற நைட்ரஜன், மணிச்சத்து வேருக்கும் பூவுக்கும் உதவற பாஸ்பரஸ், சாம்பல்சத்து கிழங்கைப் பெருக்க வைக்கிற பொட்டாசியம். மணிச்சத்து மட்டும் ஏன் ரெண்டு மடங்குன்னா நீலகிரி மண்ணு புளிப்பு மண்ணு, போட்ட மணிச்சத்துல பெரும்பங்கை இரும்பும் அலுமினியமும் பிடிச்சு வச்சுக்கும், செடிக்கு கிடைக்கறது கொஞ்சம்தான்.

உருளை அதிகமா எடுத்துட்டுப் போறது சாம்பல்சத்து, அதுக்கு அடுத்து தழைச்சத்து. வேர் ஆழமாப் போகாத பயிருங்கறதால மேல் மண்ணுலதான் எல்லாத்தையும் தேடும், போட்ட உரத்துல ஒரு பங்கு எடுபடாம மண்ணுலயே தங்கும். போதாததுக்கு மண் அணைச்சு, தோண்டி, புரட்டி விட்டதால மண்ணு பொலபொலன்னு இருக்கும், ஆரம்பத்துல போட்ட தொழு உரமும் நல்லா மக்கியிருக்கும். அதாவது சாம்பல்சத்து குறைஞ்சு, மணிச்சத்து கொஞ்சம் மிஞ்சி, மண்ணு இளகி இருக்கற ஒரு பாத்தி உங்க கையில இருக்கு. இந்த நிலைமைக்கு எந்தக் காய் பொருந்தும்ங்கறதுதான் அடுத்த கேள்வி.

சரி, எதைத்தான் போடறது?

என்னைக் கேட்டா முதல் இடம் கேரட்டுக்கு. அதுக்கு வேண்டியது கட்டி இல்லாத இளகின மண்ணு, புது எரு மட்டும் கூடவே கூடாது, புது எருவுல கேரட் ரெண்டு காலு மூணு காலுன்னு பிளந்துக்கும். உருளை எடுத்த பாத்தியில எரு ஏற்கனவே மக்கிப்போச்சு, மண்ணும் இளகிடுச்சு, கேரட்டுக்கு தழைச்சத்தும் அவ்வளவா வேண்டாம், சாம்பல்சத்தை மட்டும் கொஞ்சம் போட்டா போதும். ஒரே ஒரு எச்சரிக்கை, வேர்முடிச்சு நூற்புழுன்னு இன்னொரு வகை இருக்கு, வேர்ல முடிச்சு முடிச்சா வீங்க வைக்கும், அது கேரட்டையும் விடாது. உருளைக்கிழங்கோட தோல்ல மரு மாதிரி புடைப்பு இருந்துச்சுன்னா அந்தப் பாத்தியில கேரட்டைத் தவிர்த்துட்டு பூண்டுக்குப் போயிடுங்க.

பூண்டு ரெண்டாவது. நீலகிரியில மட்டும் இல்ல, கொடைக்கானல் மேல்மலையில பூம்பாறை, மன்னவனூர் பக்கமும் உருளையும் பூண்டும் மாறி மாறி வர்ற பழக்கம் இருக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு புவிசார் குறியீடு கூட கிடைச்சிருக்கு. ஜூன் ஜூலையிலயோ அக்டோபர் நவம்பர்லயோ நடலாம், கார்போக உருளை எடுத்ததும் அக்டோபர் நடவுக்கு நேரம் கச்சிதமாப் பொருந்தும். வாடல் கிருமிக்கு இது இடம் கொடுக்காதுங்கறதால வாடல் வந்த பாத்திக்கு நான் முதல்ல சொல்றது பூண்டுதான்.

பீன்ஸ், பட்டாணி விஷயத்துக்கு வரேன், இதுல தப்பா சொல்றது ரொம்ப அதிகம். பயறுக் குடும்பத்துச் செடி வேர்ல சின்னச் சின்ன உருண்டையா முண்டு இருக்கும், அதுக்குள்ள ரைசோபியம்னு ஒரு பாக்டீரியா உக்காந்து காத்துல இருக்கற நைட்ரஜனை செடிக்கு ஏத்த மாதிரி மாத்திக் கொடுக்கும். இது உண்மை. ஆனா பீன்ஸ் போட்டதும் மண்ணு தானா உரமாயிடும்னு சொல்றது பாதி உண்மைதான், ஏன்னா அந்த நைட்ரஜன்ல பெரும்பாலானது செடியோட உடம்புலயும் காயிலயும்தான் இருக்கு, காயைப் பறிச்சு மண்டிக்கு அனுப்பிட்டு செடியையும் பிடுங்கி மாட்டுக்குப் போட்டா மண்ணுக்கு மிஞ்சறது சொற்பம். காய் முடிஞ்சதும் செடியை வேரோட பிடுங்காம அடியோட அறுத்து, கொடியை அங்கேயே மண்ணுல மடக்கி விட்டாதான் பலன். அதோட மண்ணுல ஏற்கனவே தழைச்சத்து நிறைய இருந்தா செடி சோம்பேறியாயிடும், முண்டே சரியா வைக்காது. பூக்கற நேரத்துல ஒரு செடியைத் தோண்டி முண்டு ஒண்ணை நகத்தால கீறிப் பாருங்க, உள்ளே ரத்தம் மாதிரி இளஞ்சிவப்பா இருந்தா வேலை நடக்குது, வெள்ளையாவோ பச்சையாவோ இருந்தா நடக்கல.

இருந்தாலும் நீலகிரி மாதிரி சரிவான இடத்துல பட்டாணியையோ பீன்ஸையோ சீக்கிரமா விதைக்கறதுக்கு வேற ஒரு நல்ல காரணம் இருக்கு. உருளை தோண்டின சரிவு மொட்டையா, இளகிப்போய்க் கிடக்கும், அக்டோபர் நவம்பர் மழை அது மேல விழுந்தா மேல் மண்ணெல்லாம் ஓடையில சிவப்பா ஓடிடும். மண்ணைச் சீக்கிரம் மூடற பயிர் எதுவோ அது அந்த நேரத்துக்கு நல்லது. காய்க்கு நேரம் இல்லைன்னா லூபின் மாதிரி ஏதாவது ஒரு பசுந்தாள் உரத்தை, அதாவது வளத்து பூக்கறப்ப மடக்கி உழறதுக்குன்னே விதைக்கிற பயிரை, போட்டு விடலாம்.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் பெரும்தீனி, தழைச்சத்து நிறைய கேக்கும். உருளைக்கு நேர் பின்னாடி இதை வைக்கணும்னா எருவும் உரமும் புதுசாப் போட்டுத்தான் ஆகணும். என்னோட விருப்பம், உருளை, அப்புறம் கேரட்டு இல்லைன்னா பூண்டு, அப்புறம் பீன்ஸ், பீன்ஸ் கொடியை மண்ணுல மடக்கினதுக்கு அப்புறம் முட்டைக்கோஸ்.

பீட்ரூட்டும் முள்ளங்கியும் போடலாம், ஆனா உங்க உருளைத் தோல்ல சொறி சொறியா தக்கை மாதிரி திட்டு இருந்துச்சான்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. அந்தச் சொறி நோய்க் கிருமி, குடும்பம் பாக்காம பீட்ரூட், முள்ளங்கி, கேரட்டையும் தொடும். சொறி இருந்த பாத்தியில அடுத்து மேல விளையறதைப் போடறது நல்லது. கிழங்குக்கு அப்புறம் கிழங்கு கூடாதுங்கற பழைய பேச்சுல இந்த ஒரு இடத்துல மட்டும் கொஞ்சம் நியாயம் இருக்குன்னு ஒத்துக்கணும்.

சுண்ணாம்பு எப்ப போடறது

புளிப்பு மண்ணுக்கு சுண்ணாம்பு போடறது நல்லதுதான், ஆனா போடற நேரம் தப்பினா ஒரு பயிருக்கு நல்லது இன்னொண்ணுக்குக் கெடுதல். முட்டைக்கோஸ் வேரை விரல் விரலா வீங்க வைக்கிற வேர்வீக்க நோய் புளிப்பு மண்ணுல ஜோரா வளரும், சுண்ணாம்பு போட்டா அடங்கும். உருளைச் சொறி இதுக்கு நேர் எதிர், மண்ணுல புளிப்பு குறைஞ்சா அது ஜாஸ்தியாகும். அதனால சுண்ணாம்பை உருளைக்கு முன்னாடி போடாம, உருளை எடுத்ததுக்கு அப்புறம் முட்டைக்கோஸோ பீன்ஸோ வைக்கறதுக்கு முன்னாடி போடுங்க. உருளை திரும்பி வர்றதுக்குள்ள அதோட வேகம் தணிஞ்சிருக்கும். எவ்வளவு போடணும்ங்கறதை மண்ணு பரிசோதனை பண்ணிட்டு முடிவு பண்ணுங்க, கண்ணை மூடிட்டு மூட்டையைக் கொட்டாதீங்க.

மண்ணுல தங்கின குட்டிக் கிழங்கு

எவ்வளவு கவனமாத் தோண்டினாலும் கோலிக்குண்டு அளவு கிழங்கு நாலு மண்ணுல தங்கும். மழை பெஞ்சு கொஞ்ச நாள்ல கேரட் வரிசைக்கு நடுவுல உருளை இலை எட்டிப் பாக்கும். ஐயோ பாவம், தானா வருதேன்னு விட்டுடறவங்கதான் அதிகம், ரெண்டு கிலோ கிழங்கு சும்மா கிடைக்குமேன்னு ஆசை வேற. ஆனா அந்த ஒரு செடி போதும், நூற்புழு அதுல பெருகும், வாடல் கிருமி அதுல தங்கும், முன்ன சொன்ன இலைக்கருகல் அடுத்த போகம் வரைக்கும் அதுலதான் உயிர் பிழைக்கும். கேரட் போட்டும் பயனில்ல, கடன்காரனுக்கு ஜன்னல் வழியா சோறு போட்ட கதையாயிடும். பாத்த உடனே கிழங்கோட தோண்டி எடுத்துடுங்க. மணத்தக்காளியையும் அப்படியே, கீரைக்கு வேணும்னா வேற இடத்துல தனியா வளத்துக்கலாம்.

இதுவரைக்கும் மூணு விஷயம் பாத்திருக்கோம்: குடும்பம் மாறணும், மூணு வருஷம் மாறியே இருக்கணும், நடுவுல ஒரு உருளைச்செடி கூட தானா முளைச்சு நிக்கக்கூடாது. மத்ததெல்லாம் உங்க மண்ணு, உங்க சீசன், உங்க மண்டி விலை பாத்து நீங்களே முடிவு பண்ணலாம்.

மாடியிலயும் சமவெளியிலயும்

கோயம்புத்தூர், சென்னைப் பக்கம் மாடியில அக்டோபர் நவம்பர்ல நட்டு ஜனவரி பிப்ரவரில உருளை எடுக்கறவங்களுக்கு கணக்கு கொஞ்சம் சுலபம். முட்டைக்கூடு நூற்புழு நம்ம நாட்டுல குளிர் மலையோட பிரச்சனை. உங்களுக்கு இருக்கற ஆபத்து வாடல் நோயும் வேர்முடிச்சும், அதுவும் கடையில வாங்கின சமையல் உருளையை நட்டிருந்தா கிழங்கோடயே வந்திருக்கலாம்.

இங்க நடக்கற பெரிய தப்பு பையை மாத்தாம இருக்கறது இல்ல, மண்ணைக் கலக்கறது. உருளை எடுத்த மண்ணை பெரிய தொட்டியில கொட்டி, தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் சேத்துக் கலந்து, எல்லாப் பையிலயும் நிரப்பி, அதுல தக்காளி நாத்து வைக்கறாங்க. ஒரு பையில இருந்த நோய் அன்னிக்கே இருபது பைக்குப் போயிடுது. உருளைப் பை மேல பெயின்ட்ல ஒரு அடையாளம் போட்டு அந்த மண்ணைத் தனியா வச்சுக்கங்க. அடுத்து வர்றது கோடைங்கறதால அதுல கீரை, கொத்தவரங்காய், காராமணி, வெள்ளரி, பீர்க்கன்னு போடலாம். வெண்டையும் நல்லா வரும், ஆனா வேர்முடிச்சு இருந்த மண்ணுல வெண்டை வேண்டாம், அதுக்கு ரொம்பப் பிடிச்ச செடி அது, வெள்ளரியும் பீர்க்கனும் கூட அந்த மண்ணுல திணறும்.

சமவெளிக்காரங்களுக்கு மலையில இல்லாத ஒரு வசதி இருக்கு, வெயில். ஏப்ரல் மே மாசம் பை மண்ணை நல்லா நனைச்சு, மெல்லிசாப் பரப்பி, மேல கண்ணாடி மாதிரி தெரியற பாலிதீன் ஷீட்டை காத்து போகாம இறுக்கி மூடி நாலுலேருந்து ஆறு வாரம் விட்டுடுங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் உள்ளே போய் மண்ணுதான் சூடாகணும். அந்தச் சூட்டுல நூற்புழுவும் நிறைய கிருமியும் அடங்கும். ஊட்டிக் குளிர்ல இது எடுபடாது.

உருளை திரும்பி வரும்போது

மூணு வருஷம் முடிஞ்சு அதே பாத்திக்கு உருளை வரும்போது ரகத்தையும் யோசிச்சு எடுங்க. நீலகிரியில ரொம்ப நாளா ஓடுற குப்ரி ஜோதிக்கு நூற்புழுவைத் தாங்கற சக்தி கிடையாது. ஊட்டி முத்தோரையில 1957-லேருந்து மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கு, குப்ரி சுவர்ணா, குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரின்னு நூற்புழு எதிர்ப்பு ரகங்கள் நீலகிரிக்குன்னு வந்திருக்கு. எதிர்ப்பு ரகம்னா புழு கிட்டயே வராதுன்னு அர்த்தம் இல்ல, வேர்க்கசிவு பட்டு முட்டை பொரியும், குட்டிப்புழு வேருக்குள்ள போகும், ஆனா அங்க பெண் புழு வளர முடியாம சாகும், புதுக் கூடு வைக்காது. அதாவது உருளையை வச்சுக்கிட்டே முட்டை எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஒரே எதிர்ப்பு ரகத்தையே தொடர்ந்து நட்டா அதையும் மீறற புழு மட்டும் தங்கிப் பெருகிடும், அதனால ரகம் வந்தாலும் பயிர்ச்சுழற்சியை விட்டுடாதீங்க.

நட்டு ரெண்டு மாசத்துல பாத்திக்கு ரெண்டு மூணு செடியைத் தோண்டி அந்தக் கறுப்புத் தாள் சோதனையைப் பண்ணிடுங்க. மணி தெரிஞ்ச பாத்திக்கு வேலைக்குப் போன மண்வெட்டியும் செருப்பும் கழுவாம அடுத்த பாத்திக்குப் போகக்கூடாது, ஒட்டின மண்ணோட கூடும் போகும். அந்தப் பாத்திக் கிழங்கை சாப்பிடலாம், விக்கலாம், விதைக்கு மட்டும் எடுத்து வைக்காதீங்க.